ஒரே பாஸ்வேர்டு, ஒன்பது கைகள்! கோவில்பட்டி கம்பெனிகளே உஷார்!

கோவில்பட்டி:-

கல்லாப்பெட்டிச் சாவியை இடுப்பை விட்டு இறக்காத முதலாளிகள் நிறைந்த ஊர் கோவில்பட்டி.

ராத்திரி கடை அடைத்தால், பூட்டை 2 தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

ஆனால், இன்னொரு பெட்டி இருக்கிறது. கம்பெனியின் வரவு-செலவு, லேபிள் டிசைன், ஆர்டர் விவரம், தொழிலாளர்களின் ஆதார் நகல் எல்லாம் அதற்குள்தான் அடைந்து கிடக்கிறது. அதன் சாவி யார் யார் கையில் இருக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிக்கும் சிறு கம்பெனிகள் தீப்பெட்டி, கடலைமிட்டாய், அச்சுத் தொழில்களில் பல உண்டு.

அந்தப் பெட்டிக்குப் பெயர் 'கிளவுட்'. தமிழில் சொன்னால் மேகம். மேகத்தைப் பார்த்தால் கரிசல்காட்டுக்காரன் சந்தோஷப்படுவான். இந்த மேகத்தைப் பார்த்தால் கொஞ்சம் பயப்படவும் வேண்டும்.

அதன் விவரம் வருமாறு:-

காலையில் வந்த சோதனை

பெயர் வேண்டாம். ஏதோ ஒரு கடலைமிட்டாய் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி அண்ணாச்சி. அவர் மகன். கணக்குப்பிள்ளை. பில் போடும் பெண். லேபிள் டிசைன் பார்க்கும் பையன். குடோன் மேஸ்திரி. ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கும் 3 பேர். ஆக மொத்தம் 9 பேர்.

9 பேருக்கும் சேர்த்து ஒரே ஜி-மெயில். ஒரே 'டிரைவ்'. ஒரே பாஸ்வேர்டு.

அந்த பாஸ்வேர்டு, பில் மேஜைக்கு மேலே தொங்கும் காலண்டர் ஓரத்தில் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். சாமி பெயர், பின்னால் 1, 2, 3. அவ்வளவுதான்.

கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தவர் கணக்குப்பிள்ளை. "உங்கள் செல்போன் நம்பர் என்ன?" என்று கம்ப்யூட்டர் கேட்டபோது, தன் நம்பரையே தட்டிவிட்டார். அவர் மீது தப்பு இல்லை. பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

ஒரு தீபாவளிக்குப் போனஸ் தகராறு. கணக்குப்பிள்ளை கோபித்துக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

வருஷம் ஒன்று ஓடியது. ஒருநாள் காலை. கேரளாவுக்கு லோடு ஏற வேண்டும். லாரி வாசலில் நிற்கிறது. பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புதுக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டைப் போட்டார்கள்.

"சந்தேகமாக இருக்கிறது. உங்கள் செல்போனுக்கு ஓ.டி.பி. அனுப்பி இருக்கிறோம்" என்றது கம்ப்யூட்டர்.

"ஏம்மா, ஓ.டி.பி. யாருக்கு வந்திருக்கு?"

"அண்ணாச்சி, அது பழைய கணக்குப்பிள்ளை நம்பருக்குல்லா போயிருக்கு!"

"அவருக்குப் போனைப் போடு. சொல்லச் சொல்லு."

போன் போட்டார்கள். எடுத்தது கணக்குப்பிள்ளை அல்ல. வேறு ஏதோ ஊரில் இருந்து, வேறு ஒருவர். "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார்!

லாரி நிற்கிறது. டிரைவர் டீக்கடைக்கும் வாசலுக்குமாக நடக்கிறார். ஆர்டர் பட்டியல், விலைப் பட்டியல், லேபிள் எல்லாம் பூட்டிய பெட்டிக்குள். பெட்டியைத் திறக்க ஆள் இல்லை.

இது உதாரணத்துக்காகச் சொன்ன கதைதான். ஆனால், கதையில் உள்ள ஒவ்வொரு ஓட்டையும் நிஜம்.

செத்த நம்பர் பிழைக்கும்!

முதல் ஓட்டை செல்போன் நம்பர்.

பயன்படுத்தாமல் விட்டு, இணைப்பு துண்டிக்கப்பட்ட நம்பர் அப்படியே செத்துப்போவது இல்லை. 90 நாள் கழிந்த பிறகு அதை வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். இதை டெலிபோன் ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்', 2023-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டிலேயே சொல்லி இருக்கிறது.

அதாவது, கணக்குப்பிள்ளை சிம் கார்டைத் தூக்கிப் போட்டால், இணைப்பு துண்டிக்கப்பட்டு 3 மாதம் கழிந்த பிறகு உங்கள் கம்பெனிக் கணக்கின் ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவர் சட்டைப்பையில் 'டிங்' என்று வந்து விழலாம்.

அவர் நல்லவராக இருந்தால் அழித்துவிடுவார். எல்லோரும் நல்லவர்களா?

சொத்து யாருக்கு?

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது.

சில கம்பெனிகளில் ஒரே கணக்கு கிடையாது. ஆளுக்கு ஒரு சொந்த ஜி-மெயில் இருக்கும். டிசைன் பையன் தன் சொந்தக் கணக்கில் ஒரு போல்டரைத் திறந்து, மற்றவர்களுக்கு 'ஷேர்' செய்து இருப்பான்.

பார்த்தால் பொதுப் போல்டர் மாதிரித் தெரியும். நிஜத்தில் அப்படி இல்லை.

இலவசக் கணக்கில், ஒரு பைலை யார் உண்டாக்கினாரோ அவரே அதற்குச் சொந்தக்காரர். மற்றவர்கள் யாரும் சொந்தக்காரர்கள் இல்லை. அவர் தன் கணக்கை அழித்தால், பைலும் அதோடு போய்விடும். கம்பெனி சம்பளத்தில், கம்பெனி கரண்டில், கம்பெனி கம்ப்யூட்டரில் செய்த லேபிள் டிசைன் கம்பெனியிடம் இருக்காது!

வேலையை விட்டுப் போகிறவன் வேண்டுமென்றே அழிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 2 வருஷம் தொடாமல் கிடக்கும் சொந்தக் கணக்குகளை கூகுள் கம்பெனியே அழிக்கலாம். இந்த விதி 2023 டிசம்பரில் இருந்து அமலில் உள்ளது.

காசு கொடுத்து வாங்கும் கம்பெனிக் கணக்கு வேறு மாதிரி. அங்கே 'அட்மின்' என்று ஒருவர் இருப்பார். ஆள் போனால், அவருடைய பைல்களை எல்லாம் இன்னொருவர் பெயருக்கு மாற்றிவிடலாம். தவறிப்போய் ஆளின் கணக்கையே அழித்துவிட்டாலும், 20 நாளுக்குள் மீட்கலாம். 'ஷேர்டு டிரைவ்' என்ற வசதி உள்ள திட்டத்தில், பைல் தனி ஆளுக்குச் சொந்தமே இல்லை. கம்பெனிக்குத்தான் சொந்தம்.

15 ஜி.பி.யில் 9 பேர் குடித்தனம்

கூகுள் இலவசமாகக் கொடுப்பது 15 ஜி.பி. இடம். இந்த 15-க்குள்தான் கடிதமும் அடங்க வேண்டும், பைலும் அடங்க வேண்டும், போட்டோவும் அடங்க வேண்டும். 2021 ஜூன் 1-ந் தேதிக்குப் பிறகு ஏற்றும் போட்டோக்களும் இந்தக் கணக்கில் சேரும்.

குடோன் மேஸ்திரி மூட்டைகளைப் படம் எடுத்து ஏற்றுவார். முதலாளி மகன் கல்யாண வீடியோவை ஏற்றுவார். ஒருநாள் இடம் நிரம்பிவிடும்.

நிரம்பினால் என்ன ஆகும்? புதிதாக வரும் கடிதம் திரும்பிப் போகும். வியாபாரி அனுப்பிய ஆர்டர் வந்து சேராது. "நாங்க அனுப்பிட்டோமே" என்பார் அவர். "எங்களுக்கு வரவே இல்லையே" என்பார் இவர். சண்டை மூளும். மூல காரணம், கல்யாண வீடியோ!

கணக்கு முடங்கியது, கோர்ட்டுக்குப் போனார்

"கூகுள் கம்பெனியிடம் கேட்டால் திறந்து கொடுக்க மாட்டார்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் குஜராத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே ஒரு கம்ப்யூட்டர் என்ஜினீயர். தன் சிறு வயதுப் போட்டோக்களை எல்லாம் டிரைவில் ஏற்றினார். அதில் ஒன்று, 2 வயதில் பாட்டி அவரைக் குளிப்பாட்டும் படம்.

கூகுளின் எந்திரக் கண்ணுக்குப் பாட்டியும் தெரியவில்லை, பாசமும் தெரியவில்லை. 'குழந்தை ஆபாசம்' என்று முடிவுகட்டி, 2023 மே மாதம் கணக்கை முடக்கியது.

தொழில் கடிதங்கள் எல்லாம் அதற்குள். வியாபாரம் நஷ்டமாகிறது என்று அவர் முறையிட்டார். பலன் இல்லை. கடைசியில் குஜராத் ஐகோர்ட்டுக்குப் போனார். 2024 மார்ச்சில் கூகுளுக்கு நோட்டீசு அனுப்ப கோர்ட்டு உத்தரவிட்டது.

படித்த என்ஜினீயருக்கே ஐகோர்ட்டு வரை போக வேண்டி வந்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: ஒருவர் ஏற்றிய ஒரு போட்டோவால், அந்தக் கணக்கில் உள்ள அத்தனையும் முடங்கும். 9 பேர் புழங்கும் கணக்கில், யார் எதை ஏற்றுகிறார் என்று யாருக்குத் தெரியும்?

எண்ணெய் கம்பெனிக்கே இந்தக் கதி

சின்ன ஆளுக்குத்தான் இந்தச் சோதனை என்று நினைக்க வேண்டாம்.

குஜராத் வாடினாரில் பிரம்மாண்டமான எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் கம்பெனி நயாரா எனர்ஜி. ரஷியாவின் ராஸ்நெப்ட் கம்பெனிக்கு அதில் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் அதன் மீது தடை விதித்தது. உடனே மைக்ரோசாப்ட் கம்பெனி, நயாராவுக்குக் கொடுத்து வந்த கம்ப்யூட்டர் சேவையை நிறுத்திவிட்டது.

காசு கட்டிய லைசென்சு. ஆனாலும் கடிதம் பார்க்க முடியவில்லை. நயாரா டெல்லி ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. சில நாளில் சேவை திரும்ப வந்தது.

அதே 2025, செப்டம்பர் 26. தென்கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசாங்கக் கம்ப்யூட்டர் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் பைல் வைத்திருந்த 'ஜி-டிரைவ்' எரிந்து சாம்பல். 858 டெரா பைட் போய்விட்டது. வேறு இடத்தில் நகல் இல்லை!

ஆஸ்திரேலியாவில் நேர்மாறான கதை. 2024 மே மாதம் 'யூனிசூப்பர்' என்ற ஓய்வூதிய நிதி நிறுவனத்தின் கிளவுட் கணக்கே கூகுள் தரப்பில் நடந்த தவறால் அழிந்துபோனது. 6 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் தவித்தனர். ஆனால், யூனிசூப்பர் கெட்டிக்காரத்தனமாக வேறொரு கம்பெனியிடமும் ஒரு நகல் வைத்திருந்தது. அதுவும் கைகொடுத்ததால் மீண்டது.

மேகத்தில் வைத்தாலும், தரையில் ஒரு நகல் வேண்டும். இதுதான் பாடம்.

ஒரு டிக்கெட்டில் 4 பேர்!

இனி லைசென்சு விவகாரத்துக்கு வருவோம்.

கோவில்பட்டியில் இருந்து மதுரைக்கு 4 பேர் பஸ் ஏறுகிறார்கள். ஒரே ஒரு டிக்கெட் எடுத்து, 4 பேரும் மாறி மாறிக் காட்டினால் கண்டக்டர் விடுவாரா? கம்ப்யூட்டர் புரோகிராமில் இதைத்தான் பலர் செய்கிறார்கள்.

புரோகிராமுக்குப் புரோகிராம் கணக்கு வேறு. அதைத் தெரிந்துகொண்டால் நியாயமாகவே சிக்கனம் பண்ணலாம்.

டேலி: 'சில்வர்' லைசென்சு ஒரு கம்ப்யூட்டருக்கு. 'கோல்டு' லைசென்சு, ஒரே ஆபீசு நெட்வொர்க்கில் உள்ள பல கம்ப்யூட்டர்களுக்கு. 3, 4 பேர் உட்காரும் ஆபீசுக்கு சில்வரை வாங்கி வைத்துக்கொண்டு, "நீ எழுந்திரு, நான் உட்காருகிறேன்" என்று நாற்காலிச் சண்டை போடுவதைவிட, கணக்குப் போட்டுப் பார்த்து கோல்டு வாங்குவது மேல்.

மைக்ரோசாப்ட்: 'பேமிலி' என்ற திட்டத்தில் 6 பேர் சேரலாம். தலைக்கு 1 டெரா பைட் இடம். விலை குறைவு என்று கம்பெனி ஆட்களைக் 'குடும்பம்' ஆக்கிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் அது வீட்டு உபயோகத்துக்கு மட்டும். வியாபாரத்துக்குச் செல்லாது. வியாபாரத் திட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு லைசென்சு. ஆனால் ஆபீசு புரோகிராம்கள் அடங்கிய திட்டத்தில், அந்த ஒரு ஆள் 5 கம்ப்யூட்டர், 5 டேப்லெட், 5 செல்போனில் போட்டுக்கொள்ளலாம்.

அடோபி: லேபிள் வரையும் போட்டோஷாப் மாதிரி சமாச்சாரம். ஒரு தனி நபர் சந்தாவில் 2 கம்ப்யூட்டரில் உள்ளே நுழையலாம். ஆனால் ஒரே சமயத்தில் ஒன்றில்தான் வேலை செய்ய வேண்டும். அதுவும் அதே ஆள்.

கூகுள்: சொந்த உபயோகத்துக்கான 'ஒன்' திட்டத்தில், வாங்கியவர் மேலும் 5 பேருடன் இடத்தைப் பங்கு போடலாம். இடம்தான் பொது, ஒருவர் பைல் இன்னொருவருக்குத் தெரியாது. இதுவும் குடும்பத்துக்கான ஏற்பாடே.

'கிராக்' போட்டால் கம்பி!

"இதெல்லாம் எதற்கு? 'கிராக்' போட்டுத் தாரேன்" என்று ஒரு பையன் வருவான். பென்டிரைவைச் சொருகுவான். 10 நிமிஷத்தில் வேலை முடியும்.

அந்தப் பென்டிரைவுக்குள் என்ன வைரஸ் இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. பைல்களை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் கொள்ளை வைரஸ் புகுந்தால், கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும் டிரைவில் உள்ளதும் சேர்ந்து பூட்டிக்கொள்ளலாம்.

சட்டமும் சும்மா விடாது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு, திருட்டுப் புரோகிராம் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துகிறவருக்கு 7 நாளில் இருந்து 3 வருஷம் வரை ஜெயிலும், ரூ.50 ஆயிரத்தில் இருந்து ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. வியாபாரத்துக்காக இல்லாமல் பயன்படுத்தியவருக்குத்தான் ஜெயிலில் இருந்து சலுகை காட்ட கோர்ட்டுக்கு இடம் உண்டு. கம்பெனி வைத்திருப்பவர் "வியாபாரத்துக்கு இல்லை" என்று எப்படிச் சொல்வார்?

இ-வே பில் ரகசியம்

லாரி வாசலில் நிற்கும் கதைக்குத் திரும்புவோம்.

ரூ.50 ஆயிரத்துக்கு மேல் சரக்கு வெளி மாநிலம் போனால் இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் ரூ.1 லட்சத்துக்கு மேல்.

அந்த இ-வே பில் எடுக்க 2025 ஏப்ரல் 1-ந் தேதியில் இருந்து எல்லோருக்கும் ஓ.டி.பி. கட்டாயம். முதலாளி பெயரில் ஒரே லாகின். முதலாளி கல்யாண வீட்டில் பந்தியில் இருப்பார். ஓ.டி.பி. அவர் போனில் வந்து கிடக்கும். பில் போடும் பெண் 10 தடவை போன் போட்டுக்கொண்டு இருப்பார்.

இதற்கு அரசாங்கமே ஒரு வழி வைத்திருக்கிறது. பலருக்கு அது தெரிவதே இல்லை.

முதலாளியின் லாகினுக்குக் கீழே 'சப்-யூசர்' என்று தனித்தனி ஆட்களைச் சேர்க்கலாம். அவரவருக்குத் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு, தனி செல்போன் நம்பர். பில் போடும் பெண்ணின் ஓ.டி.பி. அவர் போனுக்கே வரும். யார் எதைச் செய்யலாம் என்பதையும் முதலாளி தீர்மானிக்கலாம். ஆள் வேலையை விட்டுப் போனால், அவர் ஒருவரை மட்டும் நீக்கிவிடலாம். காசு செலவு இல்லை.

"நான் அவன் இல்லை!"

போலீசு கேஸ் என்று வந்துவிட்டால், பொதுப் பாஸ்வேர்டு எல்லோரையும் சந்தேகக் கூண்டில் ஏற்றிவிடும்.

விலைப் பட்டியல் போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கணக்கைத் திறந்து பார்த்தால் ஒரே பெயர்தான் இருக்கும். 9 பேரும் அந்தப் பெயரில்தான் உள்ளே போனவர்கள். "நான் இல்லை" என்று 9 பேரும் சொல்வார்கள். 8 பேர் சொல்வது உண்மையாக இருக்கும். எந்த 8 பேர்?

அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவில் 3 வருஷம் வரை ஜெயில், ரூ.1 லட்சம் வரை அபராதம். சட்டம் வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால், 'அடுத்தவர் பாஸ்வேர்டு' என்று ஒன்று இருந்தால்தானே? முதலாளியே எல்லோருக்கும் கொடுத்து, காலண்டரிலும் எழுதி வைத்த பாஸ்வேர்டில், திருடியவனைக் கண்டுபிடிப்பது குதிரைக் கொம்பு.

கம்பெனிச் சட்டத்தில் பதிவான கம்பெனிகளுக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. 2023 ஏப்ரல் 1-ந் தேதியில் இருந்து, கணக்குப் புரோகிராமில் எந்தத் திருத்தம் செய்தாலும் அதன் தடம் பதிவாக வேண்டும். எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால், அந்தத் தடத்தில் முதலாளி பெயர்தான் வரிசையாக நிற்கும். வேறொருவர் செய்த தில்லுமுல்லுக்கு அவர் பதில் சொல்ல வேண்டி வரும்.

தொழிலாளர்களின் ஆதார் நகல், பேங்கு புத்தக நகல் எல்லாம் அந்த டிரைவில்தான் கிடக்கின்றன. தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க 2023-ல் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகளும் வெளியாகிவிட்டன. படிப்படியாக அமலுக்கு வருகிறது. குச்சி அடுக்கும் அக்காவின் ஆதாரும், பண்டல் போடும் தம்பியின் பேங்கு நம்பரும் கம்பெனியை நம்பிக் கொடுத்த பொருள். அதைக் காலண்டர் பாஸ்வேர்டுக்குப் பின்னால் வைப்பது நியாயம் இல்லை.

கடலைமிட்டாய் காட்டும் வழி

பொதுவாகப் பங்கு போட்டுக்கொள்வதே தப்பா? இல்லவே இல்லை. அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று கோவில்பட்டிக்கு யாரும் சொல்லித் தரவேண்டியது இல்லை.

2020 ஏப்ரலில் 'கோவில்பட்டி கடலைமிட்டாய்' புவிசார் குறியீடு பெற்றது. கரிசல் மண் கடலை, வெல்லப்பாகு, ஊர் கைப்பக்குவம் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைத்த பெயர் அது.

அந்தப் பெயர் ஒரு தனி முதலாளிக்குச் சொந்தம் இல்லை. ஊருக்கே பொது. ஆனால் அதற்காக யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டிக்கொள்ள முடியாது. 1999-ம் ஆண்டு புவிசார் குறியீடு சட்டப்படி, தயாரிப்பாளர்கள் 'அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளர்' என்று தனித்தனியாகத் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பெயர் ஒன்று. உபயோகிப்பவர் பலர். ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு. யாராவது தப்புச் செய்தால், அவர் யார் என்று தெரியும். மற்றவர்களுக்குச் சேதாரம் இல்லை.

கம்பெனியின் கிளவுட் கணக்கும் இப்படித்தான் இருக்க வேண்டும். பெட்டி பொது, சாவி தனித்தனி.

செலவு தாங்குமா?

"9 பேருக்கும் மாசாமாசம் காசு கட்டினால், கடலைமிட்டாயில் என்னப்பா மிஞ்சும்?" என்று அண்ணாச்சி கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு ரூபாய்த் தீப்பெட்டி 2 ரூபாய் ஆவதற்கு 14 வருஷம் காத்திருந்து, 2021 டிசம்பரில்தான் விலையை ஏற்றிய வட்டாரம் இது. பைசாவின் அருமை தெரிந்தவர்கள்.

ஆனால் 9 பேருக்கும் காசுக் கணக்கு தேவை இல்லை.

தினமும் பைல் உண்டாக்குகிறவர்கள் யார்? முதலாளி மகன், கணக்குப்பிள்ளை, பில் போடும் பெண், டிசைன் பையன். இந்த 4 பேருக்குக் கம்பெனிக் கணக்கு போதும்.

ஆர்டர் பிடிக்கும் 3 பேருக்கு விலைப் பட்டியலைப் பார்த்தால் போதும். அவர்கள் சொந்தக் கணக்குக்கு 'பார்க்க மட்டும்' அனுமதி கொடுக்கலாம். திருத்த முடியாது, அழிக்க முடியாது. வேலையை விட்டால் அனுமதியை எடுத்துவிடலாம். குடோன் மேஸ்திரிக்கு வாட்ஸ்-அப்பில் லோடு சீட்டு வந்தால் போதும்.

மேலும் செய்ய வேண்டியவை:-

1. கணக்கை மீட்கும் செல்போன் நம்பர் கம்பெனி பெயரில் உள்ள சிம் கார்டாக இருக்க வேண்டும். அதற்கு ரீசார்ஜ் தவறக்கூடாது.

2. 'அட்மின்' 2 பேர் வேண்டும். முதலாளி ஒருவர், நம்பிக்கையான இன்னொருவர். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் கம்பெனி படுக்கக்கூடாது.

3. போன் தொலைந்தாலும் உள்ளே நுழைய, கூகுள் 10 ரகசிய எண்கள் தருகிறது. அவற்றை அச்செடுத்து இரும்புப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஒரு எண் ஒரு தடவைக்குத்தான்.

4. வாரம் ஒருமுறை முக்கிய பைல்களைத் தனி ஹார்டு டிஸ்கில் நகல் எடுக்க வேண்டும். எடுத்ததும் கம்ப்யூட்டரில் இருந்து கழற்றி வேறு இடத்தில் வைக்க வேண்டும். சொருகியே வைத்தால் வைரஸ் அதையும் தின்னும்.

5. ஆள் போகிற அன்றைக்கே அவர் கணக்கை நிறுத்த வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது வேண்டாம்.

6. ஏற்கனவே ஒருவரின் சொந்தக் கணக்கில் கம்பெனி பைல் கிடந்தால், அவர் வேலையில் இருக்கும்போதே, சிரித்த முகமாக இருக்கும்போதே, கம்பெனிக் கணக்குக்கு நகல் எடுத்துவிட வேண்டும்.

ஏமாற்றி யாராவது பணத்தைப் பறித்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். இது பண மோசடிக்காக உள்ள சைபர் குற்ற உதவி நம்பர்.

சாவிக் கொத்து

பழைய காலத்தில் கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போனால் ஒரு முறை இருந்தது. பேரேட்டை எடுத்து மேஜையில் வைப்பார். இருப்புப் பணத்தை எண்ணிக் கொடுப்பார். கடைசியாகச் சாவிக் கொத்தை முதலாளி கையில் கொடுத்து, "வாரேன் அண்ணாச்சி" என்பார். அதற்குப் பிறகுதான் வாசல் இறங்குவார்.

கொடுத்தவருக்கும் நிம்மதி. வாங்கியவருக்கும் நிம்மதி. நாளைக்கு ஒன்று குறைந்தால், போனவர் மீது பழி விழாது.

இன்றைக்குக் கணக்குப்பிள்ளை வெறுங்கையோடு போகிறார். சாவி அவர் மனசுக்குள்ளேயே போய்விடுகிறது. அவர் நல்லவராகவே இருந்தாலும், பிறகு கம்பெனியில் எது தொலைந்தாலும் முதல் சந்தேகம் அவர் மீதுதான்.

தனித்தனிச் சாவி கொடுப்பது, ஆட்களை நம்பாததால் அல்ல. நம்பியவர்கள் மீது பழி விழக்கூடாது என்பதற்காக.

இன்று ராத்திரி கடை அடைக்கும்போது, பூட்டை 2 தடவை இழுத்துப் பார்க்கும் அண்ணாச்சிகள், அந்தக் காலண்டரையும் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பது நல்லது!